ஒரு பிடி மாவு: நெருக்கடியில் விசுவாசமும் கீழ்ப்படிதலும்

சம்பளம் தேதி தவறாமல் வந்துகொண்டிருக்கும்போது, வீட்டில் யாருக்கும் காய்ச்சல்கூட இல்லாதபோது, 'ஆண்டவரை நம்புகிறேன்' என்று சொல்வதற்குச் செலவே இல்லை. இருபதாம் தேதிக்கே கைக்காசு தீர்ந்து, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசி நாளும் நெருங்கும்போதுதான் அந்தச் சொல்லுக்கு எடை வருகிறது.

கிறிஸ்தவர்கள் பேச்சில் விசுவாசமும் கீழ்ப்படிதலும் எப்போதும் ஜோடியாகத்தான் வரும். புதிதாக வேதாகமம் வாசிக்கிறவர்களுக்கு இது குழப்பம். நம்பினால் போதாதா, கீழ்ப்படியவும் வேண்டுமா? ஆண்டவர் சொன்னதைச் செய்வார் என்று அவர்மேல் பாரத்தை வைப்பது விசுவாசம். அப்படி வைத்தவர் எழுந்து போய் என்ன செய்கிறார் என்பது கீழ்ப்படிதல். மனதுக்குள் விசுவாசம் இருக்கிறதா என்று அடுத்தவருக்குத் தெரியாது. பல நேரம் நமக்கே தெரியாது. கையும் காலும் எந்தப் பக்கம் போகின்றன என்பது தெரியும். விளக்கம் இவ்வளவுதான். மீதியை ஒரு கதையை வைத்துப் பார்ப்பதே நல்லது.

பழைய ஏற்பாட்டில் முதலாம் இராஜாக்கள் புத்தகத்தின் 17ஆம் அதிகாரம். கிறிஸ்துவுக்கு முன் ஒன்பதாம் நூற்றாண்டு. இஸ்ரவேலை ஆகாப் ஆள்கிறான். அவன் மனைவி யேசபேல், சீதோனியரின் ராஜாவான ஏத்பாகாலின் மகள். அவள் வழியாகப் பாகால் வழிபாடு அரண்மனைக்குள்ளேயே வந்துவிட்டது. பாகால் மழைக்கும் விளைச்சலுக்கும் உரிய தெய்வம் என்பது அந்தப் பகுதி மக்களின் நம்பிக்கை. அந்த நேரம் பார்த்து, கீலேயாத்திலிருந்து வந்த எலியா என்ற தீர்க்கதரிசி ராஜாவின் முன்னால் நின்று, இனி என் சொல் இல்லாமல் பனியும் பெய்யாது, மழையும் பெய்யாது என்கிறார். மழைத் தெய்வத்தைக் கும்பிடும் நாட்டில் மழையை நிறுத்துவதென்றால் அது நேரடிச் சவால்.

சொல்லிவிட்டு அவர் தலைமறைவாகிறார். யோர்தானுக்குக் கிழக்கே கேரீத் என்ற ஓடை. காலையிலும் மாலையிலும் காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவருகின்றன, குடிக்க ஓடைத் தண்ணீர். மழை இல்லாததால் ஓடை வற்றுகிறது. இதைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். மழை வராது என்று சொன்னவருக்கே அந்த வறட்சி வந்து சேர்கிறது. தன் ஊழியக்காரருக்கு மட்டும் ஆண்டவர் தனிக் குழாய் எதுவும் போட்டுக் கொடுக்கவில்லை.

அடுத்து அவருக்கு வரும் கட்டளை விசித்திரமானது. சீதோனுக்கடுத்த சாறிபாத்துக்குப் போ, அங்கே உன்னைப் பராமரிக்க ஒரு விதவைக்குக் கட்டளையிட்டிருக்கிறேன். சீதோன் யேசபேலின் பிறந்த நாடு. எந்தப் பெண் தீர்க்கதரிசிகளைக் கொல்லத் தேடினாளோ, அவள் அப்பன் ஆளும் மண்ணில் போய் ஒளிந்துகொள்ளச் சொல்கிறார். அதுவும் ஒரு விதவை வீட்டில்!

அந்த ஊர் இன்றும் இருக்கிறது. லெபனான் கடற்கரையில், சீதோனுக்கும் தீருவுக்கும் இடையே, சரஃபந்த் என்ற பெயரில். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரிட்சர்ட் 1969 முதல் 1974 வரை அங்கே அகழாய்வு செய்தார். மட்பாண்டம் சுடும் சூளைகள் ஏராளமாகக் கிடைத்தன. பானை செய்து பிழைத்த ஊர் அது. கதையில் ஒரு பானைதான் முக்கிய இடம் பிடிக்கப்போகிறது என்பதால் இந்தத் தகவல் எனக்குப் பிடிக்கும். இன்னொன்று, தீரு, சீதோன் பகுதி வியாபாரிகளின் நாடு, விளைநிலம் குறைவு. தானியத்துக்கு இஸ்ரவேல் பக்கத்தைத்தான் நம்பியிருந்தார்கள். இஸ்ரவேலின் ராஜாவாயிருந்த சாலொமோன் தீருவின் ராஜாவுக்குக் கோதுமையும் எண்ணெயும் அனுப்பியதாக அதே இராஜாக்கள் புத்தகம் சொல்கிறது. ஆக, இஸ்ரவேலில் மழை பொய்த்தால் சாறிபாத்தின் அடுப்பும் அணையும். முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸும், ஏத்பாகாலின் காலத்தில் அந்த நாட்டில் மழையில்லாமல் போனதை அந்தப் பக்கத்து வரலாற்றிலிருந்தே எடுத்துக் காட்டுகிறார்.

பஞ்சம் வந்தால் முதலில் அடிபடுவது ஆண் துணையில்லாத வீடு. இஸ்ரவேலின் நியாயப்பிரமாணத்திலாவது அறுவடையில் தவறிய கதிர்களை விதவைக்கும் அநாதைக்கும் விட்டுவைக்க வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. சாறிபாத்து விதவையோ அந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கும் அந்நிய நாட்டுப் பெண்.

எலியா ஊர் வாசலுக்கு வரும்போது அவள் விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்கிறார். கொண்டுவரப் போகிறாள். பஞ்சத்தில் தண்ணீரும் லேசான பொருள் இல்லை, இருந்தாலும் வழிப்போக்கனுக்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. போகிறவளைக் கூப்பிட்டு, அப்படியே கையில் கொஞ்சம் அப்பமும் கொண்டுவா என்கிறார். அங்கேதான் அவள் நிற்கிறாள். வீட்டில் சுட்ட அடை எதுவும் இல்லை, பானையில் ஒரு பிடி மாவும் கலசத்தில் கொஞ்சம் எண்ணெயும்தான் இருக்கின்றன, இரண்டு விறகு பொறுக்கிப் போய் எனக்கும் என் மகனுக்கும் சமைத்துச் சாப்பிட்டுச் சாகப் போகிறோம் என்கிறாள். அழுகை, கெஞ்சல், அலங்காரம் எதுவும் இல்லை. கணக்குப் பார்த்து முடித்துவிட்ட பெண்ணின் பேச்சு. இரண்டு விறகு என்று எண்ணிச் சொல்கிறாள், பாருங்கள். ஒரு அடைக்கு அது போதும். அதற்குமேல் எரிப்பதற்கு எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

எலியா சொல்லும் பதிலைப் படிக்கும்போது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பயப்படாதே, போய் நீ சொன்னபடியே செய். ஆனால் முதலில் எனக்கு ஒரு சின்ன அடை செய்து கொண்டுவா, அப்புறம் உனக்கும் உன் மகனுக்கும் செய்யலாம் என்கிறார். கூடவே ஒரு வாக்குறுதி: ஆண்டவர் மழை அனுப்பும் நாள் வரைக்கும் பானையில் மாவு தீராது, கலசத்தில் எண்ணெய் குறையாது.

இந்த 'முதலில்' என்ற இடத்தில்தான் விசுவாசமும் கீழ்ப்படிதலும் ஒட்டிக்கொள்கின்றன. வரிசை மாறியிருந்தால், அதாவது நீங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு மிச்சமிருந்தால் எனக்குக் கொடு என்று சொல்லியிருந்தால், அதற்கு விசுவாசமே தேவையில்லை. நல்ல மனசு போதும். மகனுக்கு முன்னால் அந்நியனுக்குக் கொடுப்பதென்றால், சொன்னவரின் வார்த்தை நிற்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் எந்தத் தாயும் செய்யமாட்டாள். அவள் கையில் அத்தாட்சி எதுவும் இல்லை. பானை நிறைந்ததைப் பார்த்துவிட்டு அடை சுடவில்லை. அடை சுட்டுக் கொடுத்த பிறகுதான் பானையின் விஷயம் அவளுக்குத் தெரியவந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இல்லாததை அவளிடம் யாரும் கேட்கவில்லை. ஆடு கொண்டுவா, பொன் கொண்டுவா என்றால் அவளால் முடியாது. கையில் இருந்தது ஒரு பிடி. கேட்டதும் அந்தப் பிடிக்குள் ஒரு சின்ன அடை. நெருக்கடியில் இருக்கிறவர்கள் பெரிதாக ஏதோ சாதித்துக் காட்டினால்தான் கடவுள் இரங்குவார் என்று நினைத்துத் தங்களை வாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நாற்பது நாள் உபவாசம், ஏழு வாரப் பொருத்தனை என்று நீளும். செய்வது தவறென்று சொல்லவில்லை. இந்தக் கதையில் கேட்கப்பட்டது அது இல்லை, அவ்வளவுதான்.

சரி, அவள் போய்ச் சொன்னபடி செய்தாள். அவளும் அவரும் அவள் வீட்டாரும் அநேக நாள் சாப்பிட்டார்கள். ஓய்வுநாள் பள்ளிப் படங்களில் இந்த இடத்தில் மாவு வழிந்து ஓடும் பெரிய குதிர் ஒன்றை வரைந்து வைத்திருப்பார்கள். வேதத்தில் அப்படி இல்லை. பானை நிறைந்தது என்று ஒரு வரிகூடக் கிடையாது. தீரவில்லை என்று மட்டும்தான் இருக்கிறது. அப்படியானால் அவள் தினமும் காலையில் பானைக்குள் கையைவிடும்போது என்ன தட்டுப்பட்டிருக்கும்? அநேகமாக அதே அடிமாவு. நாளைக்கு இருக்குமா என்ற கேள்வி ஒவ்வொரு நாளும் புதிதாக எழுந்திருக்கும். ஒரே நாள் கீழ்ப்படிந்துவிட்டு வருடம் முழுக்க நிம்மதியாக உட்காரும் வசதி அவளுக்குக் கிடைக்கவில்லை.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆண்டவர் கொடுத்த மன்னா என்ற உணவும் இதே கணக்குதான். ஆளுக்கு ஒரு ஓமர், ஏறக்குறைய இரண்டு லிட்டர் அளவு, அன்றன்றைக்கு மட்டும். பயந்துபோய் மறுநாளைக்கு ஒளித்து வைத்தவர்களுடையது புழுத்து நாறியது. ஆறாம் நாள் மட்டும் இரட்டிப்பாக எடுக்கலாம், ஏழாம் நாள் வெளியே போகக்கூடாது. போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அங்கே பசியைவிட நாளையைப் பற்றிய பயம்தான் அவர்களைக் கீழ்ப்படியாமல் தள்ளியது. நம் வீட்டு நெருக்கடிகளிலும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. இன்றைய சாப்பாடு இருக்கும். அடுத்த மாத வட்டி நினைப்புதான் பொய் ரசீது போட வைக்கும்.

அப்படியானால் வேலைக்குப் போக வேண்டாமா, மருத்துவரிடம் போக வேண்டாமா, கையைக் கட்டிக்கொண்டு ஜெபித்தால் போதுமா என்று கேட்பார்கள். சாறிபாத்தில் மாவுதான் தீராமல் இருந்தது. அடை தானாக வரவில்லை. தினமும் விறகு பொறுக்கி, மாவு பிசைந்து, அடுப்பு மூட்டியது அவள்தான். எலியாவின் சீடரான எலிசாவின் காலத்தில் இன்னொரு விதவை வருகிறாள், இரண்டாம் இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில். கடன் கொடுத்தவன் அவள் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக இழுத்துப்போக வந்து நிற்கிறான். வீட்டில் ஒரு குடம் எண்ணெய் மட்டும். அண்டை வீடுகளில் போய் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொல்கிறார் எலிசா. ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பாத்திரம் கேட்பது சாதாரணக் காரியமா? தெருவே என்ன ஏது என்று விசாரித்திருக்கும். எண்ணெய் நிறைந்த பிறகும் அதைக் கும்பிட்டுக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை. விற்று, கடனை அடைத்து, மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றார். அற்புதம் நடந்த வீட்டிலும் அடுத்த வேலை சந்தைக்குப் போய் விற்றுக் கடனைத் தீர்ப்பதுதான்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் ஆள் உண்டு. இஸ்ரவேலின் முதல் ராஜா சவுல். முதலாம் சாமுவேல் 13ஆம் அதிகாரம். பெலிஸ்தர் பெரும்படையோடு வந்து இறங்கிவிட்டார்கள். தீர்க்கதரிசி சாமுவேல் வந்து பலியிடும்வரை கில்காலில் காத்திருக்க வேண்டும். ஏழு நாள் காத்திருந்தான். சாமுவேல் வரவில்லை. ஆட்கள் குகைகளிலும் புதர்களிலும் ஒளிகிறார்கள், சிலர் யோர்தானைத் தாண்டியே ஓடுகிறார்கள். முதலில் தெரிந்தெடுத்த 3000 பேர் இருந்த இடத்தில் கடைசியாக எண்ணியபோது சுமார் 600 பேர். இதற்குமேல் தாங்காது என்று தானே பலியைச் செலுத்திவிட்டான். செலுத்தி முடிக்கும் நேரத்தில் சாமுவேல் வந்து நிற்கிறார்.

சவுலைத் திட்டுவது எளிது. கூட்டம் கரைந்துகொண்டிருக்கும்போது தலைவன் படும் பாட்டை நினைத்தால் அவன்மேல் எனக்குப் பரிதாபம்தான் வருகிறது. ஆனால் அவன் சொன்ன சாக்கைக் கேளுங்கள்: ஜனம் சிதறினது, நீர் வரவில்லை, சத்துரு நெருங்கிவிட்டான், ஆகவே துணிந்து பலியிட்டேன். சொன்னது அத்தனையும் உண்மை. நெருக்கடியில் கீழ்ப்படியாமைக்கு எப்போதும் நல்ல காரணங்கள் கிடைக்கும். அவனும் சாமி கும்பிடுவதை விட்டு ஓடவில்லை, பலிதான் கொடுத்தான். பக்தி இருந்தது. சொன்ன வார்த்தையில் காத்திருப்பது மட்டும் இல்லை. விதவை தன் கணக்கை வைத்துக்கொண்டே வார்த்தையின்படி செய்தாள். சவுல் வார்த்தையை வைத்துக்கொண்டே கணக்கின்படி செய்தான்.

இதை நம் நாள்களுக்குக் கொண்டுவந்தால் எப்படியிருக்கும்? கடன் நெருக்கும்போது அலுவலகத்தில் மேஜைக்கடியில் நீட்டப்படும் உறை. தராசின் அடியில் ஒட்டும் புளி. கைக்கு வந்த கூலியில் வேலைக்காரர் பங்கைப் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவது. பொய் சொல்லாதே, கூலியைப் பிடித்து வைக்காதே, அளவில் ஏமாற்றாதே என்பதெல்லாம் வேதத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. நெருக்கடியில் ஆண்டவருடைய சித்தம் என்னவென்று தெரியவில்லையே என்று தவிக்கிறவர்களுக்கு, முக்கால்வாசி சித்தம் ஏற்கெனவே தெரிந்ததுதான். புதிதாக ஒரு சத்தம் கேட்க வேண்டியதில்லை. வழிப்போக்கனுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுப்பது சாறிபாத்துக்காரி எந்த வாக்குறுதியும் கேட்காமலே செய்தது.

இந்தக் கதையைச் சிலர் தவறாகப் பயன்படுத்துவதைப் பற்றியும் பேசியாக வேண்டும். கூட்ட மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் இந்த அதிகாரத்தை வாசித்து, விதைக் காணிக்கை போடுங்கள், கடைசி ரூபாயையும் முதலில் ஊழியத்துக்குக் கொடுங்கள், பானை நிறையும் என்கிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் உண்மையான விதவைகளும் இருப்பார்கள். அடகு வைத்துக் கொடுத்தவர்களும் உண்டு. எலியாவை இவர்களோடு வைத்துப் பாருங்கள். அவர் அதே பஞ்சத்தில் அகப்பட்டவர். அடையை வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போகவில்லை. அந்த வீட்டு மேல்மாடியில் தங்கி, அதே பானையில் சாப்பிட்டார். வாக்குறுதி பொய்த்திருந்தால் அவளோடு சேர்ந்து அவரும் செத்திருப்பார். கேட்டதும் மாதத் தவணை இல்லை, ஒரு சின்ன அடை. விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களைப் பற்றி இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பதை அந்த மேடைகளில் வாசிக்கக் கேட்டதில்லை.

இதற்கு நேர்மாறான நல்ல வழக்கம் ஒன்றும் நம் சபைகளில் உண்டு. பிடியரிசிக் காணிக்கை. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவைத்து, பிறகு ஆலயத்துக்குக் கொண்டுபோவார்கள். அதை எடுப்பது சமைத்து மிஞ்சிய பிறகு அல்ல, உலையில் போடுவதற்கு முன்னால். யாரும் மேடையேறி நிறைந்த பானையைக் காட்டி ஆசை காட்டுவதில்லை. அந்த ஒரு பிடியால் அந்த வீடு பட்டினியாவதுமில்லை.

கீழ்ப்படிந்தால் கஷ்டம் வராது என்று யாராவது சொன்னால், 17ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள். பானை தீராமல் இருக்கும் அதே வீட்டில் அவள் மகன் நோயில் விழுந்து மூச்சடங்குகிறான். அவள் எலியாவைப் பார்த்துக் கத்துகிறாள்: உமக்கும் எனக்கும் என்ன, என் பாவத்தை நினைவூட்டி என் பிள்ளையைக் கொல்லவா என் வீட்டுக்கு வந்தீர்? எலியா அவளைக் கண்டிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய், தான் தங்கியிருக்கும் வீட்டு விதவைக்கும் இப்படிச் செய்யலாமா என்று அவரும் ஆண்டவரிடம் முறையிடுகிறார். மூன்று தரம் பிள்ளையின்மேல் குப்புற விழுந்து மன்றாடுகிறார். பிள்ளை பிழைக்கிறான். முறையிட்டதற்காக இரண்டு பேரில் யாருக்கும் தண்டனை இல்லை. விசுவாசம் என்றால் வாயை மூடிக்கொண்டு சிரித்த முகத்தோடு இருப்பது என்று நினைப்பவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் இடிக்கும்.

எல்லாப் பிள்ளைகளும் பிழைக்கவில்லை என்பதும் வேதத்துக்குத் தெரியும். பாபிலோனில் ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேர் அவனைப் பார்த்து, எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், அப்படி விடுவிக்காவிட்டாலும் உன் சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். கீழ்ப்படிதலைப் பலனோடு கட்டிவைக்காத பேச்சு அது. சாறிபாத்துக்காரிக்கு வாக்குறுதி கிடைத்தது, அவர்களுக்கு அதுவும் இல்லை.

மகன் பிழைத்த பிறகு அந்தத் தாய் சொல்லும் கடைசி வாக்கியம் ஒன்று உண்டு. நீர் தேவனுடைய மனுஷன் என்றும், உம் வாயிலிருக்கும் ஆண்டவரின் வார்த்தை உண்மை என்றும் இப்போது அறிந்திருக்கிறேன் என்கிறாள். இப்போது! எத்தனையோ நாள் அந்தப் பானையிலிருந்து சாப்பிட்ட பிறகு. அப்படியானால் முதல் நாள் அடை சுட்டபோது அவளுக்கு இருந்தது எவ்வளவு? அரைகுறை நம்பிக்கையாக இருந்திருக்கலாம். இனி இழக்க என்ன இருக்கிறது என்ற விரக்தியும் கலந்திருக்கலாம். வேதம் அதை அளந்து பார்க்கவில்லை, அவள் போய் அந்தப்படியே செய்தாள் என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறது. விசுவாசம் முழுதாக வரட்டும், அப்புறம் கீழ்ப்படியலாம் என்று காத்திருப்பவர்கள் இந்தப் பெண்ணின் வரிசையைப் பார்க்கலாம்.

எண்ணூறு வருஷத்துக்கும் மேல் கழித்து நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு இவளைப் பற்றிப் பேசினார். வானம் மூன்றரை வருஷம் அடைபட்டிருந்த காலத்தில் இஸ்ரவேலில் எத்தனையோ விதவைகள் இருந்தும், எலியா அனுப்பப்பட்டது சீதோனைச் சேர்ந்த இந்த ஒருத்தியிடம்தான் என்றார். கேட்டவர்களுக்குக் கோபம் தாங்கவில்லை. அவரை மலை உச்சிக்கு இழுத்துப்போய்த் தள்ளிவிடப் பார்த்தார்கள். வேதத்தை மனப்பாடமாக அறிந்த ஊர்க்காரர்களுக்கு, தங்களை விட்டுவிட்டுப் பக்கத்து நாட்டுப் பெண்ணை எடுத்துக்காட்டாகச் சொன்னது பொறுக்கவில்லை.

பானைக்கு ஒரு கெடு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் மழை அனுப்பும் நாள் வரைக்கும் என்பதுதான் வாக்கு. மன்னாவும் கானான் நிலத்தின் தானியத்தை அவர்கள் சாப்பிட்ட மறுநாளே நின்றது என்று யோசுவா புத்தகத்தில் இருக்கிறது. மழை பெய்த பிறகு சாறிபாத்துப் பெண்ணும் ஊரோடு ஊராக மாவு வாங்கப் போயிருப்பாள்.